வெளியே போகவேண்டிய சூடு

புதிதாகக் கட்டும் அடுக்குமாடி வீடுகளின் சமையலறை வரைபடத்தில் ஃப்ரிட்ஜுக்கென்று ஒரு மாடம் விட்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் பலகை, பின்னால் சுவர், தலைக்கு மேல் இன்னொரு அலமாரி. வாங்கப்போகும் பெட்டியின் அகலத்தை அளந்து, ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடம்விட்டு, தச்சர் பலகையை அடித்துவிடுவார். பார்வைக்கு நேர்த்தியாகத்தான் இருக்கும். முதல் கோடை வந்ததும் புகார் தொடங்கும். நேற்று அரைத்த மாவு இன்றைக்கே பொங்கிப் புளிக்கிறது, பால் திரிகிறது, கம்ப்ரசர் ஓயாமல் ஓடுகிறது, பக்கத்துத் தகட்டைத் தொட்டால் சுடுகிறது. வருகிற மெக்கானிக் “கேஸ் குறைஞ்சிருக்கும்” என்பார். கேஸ் ஏற்றியபின் சில நாள் நிம்மதி, பிறகு பழைய கதை.

இப்படிப்பட்ட வீடுகள் பலவற்றில் பெட்டியில் கோளாறு ஏதும் இருப்பதில்லை. அதை நிறுத்திய இடத்தில்தான் கோளாறு. பீரோவைச் சுவரோடு ஒட்டலாம், புத்தக அலமாரியை மூலையில் தள்ளலாம். ஃப்ரிட்ஜ் அந்த வகைப் பொருள் இல்லை. அதன் வேலையில் பாதி கதவுக்கு உள்ளே நடக்கிறது. மீதிப் பாதி அதன் முதுகிலும் விலாவிலும் நடக்கிறது. வெளிப்புறத்து வேலை தடைப்பட்டால் உட்புறத்து வேலையும் தடைப்படும்.

குளிர் என்று தனியாக ஒன்றை எந்த இயந்திரமும் தயாரிப்பதில்லை. பாலிலும் காய்கறியிலும் உள்ளிருக்கும் காற்றிலும் உள்ள வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுவந்து விடுவதுதான் ஃப்ரிட்ஜ் செய்வது. குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்கு வெப்பம் தானாகப் போகாது என்று 1850இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ருடால்ஃப் கிளாசியஸ் விதி வகுத்தார். போகவைக்க வேண்டுமென்றால் ஆற்றலைச் செலவழித்துத் தள்ள வேண்டும். கிணற்றுத் தண்ணீரை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றும் வேலையை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை குடம் ஏற்றுகிறோம் என்பதோடு, தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் மோட்டாரின் மின்செலவைத் தீர்மானிக்கும். ஃப்ரிட்ஜில் அந்த உயரம் என்பது, உள்ளே இருக்கும் குளிர்ச்சுருளுக்கும், வெப்பத்தை வெளியே விடும் குழாய்ச் சுருளான கண்டன்சருக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வித்தியாசம். கிணற்றின் ஆழத்தை நாம் பெரிதாக மாற்ற முடியாது. ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் நிற்க வேண்டுமானால் அதன் சுருள் மைனஸ் 25 டிகிரி அளவில் இருந்தாக வேண்டும். தொட்டியின் உயரம் நம் கையில் இருக்கிறது. ஃப்ரிட்ஜைச் சுவரோடு நெருக்கித் தள்ளும்போது அந்தத் தொட்டியை இன்னொரு மாடி மேலே தூக்கி வைத்துவிடுகிறோம்.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 1824இல் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ வெப்ப இயந்திரங்களுக்கு வகுத்த எல்லை ஃப்ரிட்ஜுக்கும் பொருந்தும். மைனஸ் 25 டிகிரியிலிருந்து வெப்பத்தை எடுத்து 45 டிகிரியில் கொண்டுவிடும் இயந்திரம், எந்தக் குறையும் இல்லாததாக இருந்தால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3.5 யூனிட் வெப்பத்தை உள்ளிருந்து எடுக்கும். 60 டிகிரியில் கொண்டுவிட வேண்டிய நிலை வந்தால் அதே இயந்திரத்தால் 2.9 யூனிட்தான் எடுக்க முடியும். வீட்டு ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர் இந்த உச்சத்தில் பாதியை எட்டுவதே பெரிய காரியம். ஆனால் கண்டன்சர் சூடேறச் சூடேறத் திறன் இறங்குகிற போக்கு எல்லா ஃப்ரிட்ஜுக்கும் ஒன்றுதான்.

கண்டன்சர் ஏன் சூடேற வேண்டும் என்பதற்கு உள்ளே ஓடும் வாயுவைப் பார்க்க வேண்டும். இன்று விற்கும் வீட்டு ஃப்ரிட்ஜ்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன். பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் தாளில் ஆர்-600ஏ என்று போட்டிருக்கும். சாதாரணக் காற்றழுத்தத்தில் இது மைனஸ் 12 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். உள்ளே அழுத்தம் அதைவிடக் குறைவாக இருப்பதால் மைனஸ் 25 டிகிரியிலும் அது கொதிக்கிறது. கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்த ஆவியைக் கம்ப்ரசர் உறிஞ்சி அமுக்குகிறது. அழுத்தம் கூடக்கூடக் கொதிநிலை உயரும். காற்றழுத்தத்தைப்போல ஏறக்குறைய ஆறு மடங்கு அழுத்தத்தில் அதன் கொதிநிலை 45 டிகிரி. அறையின் காற்று 35 டிகிரி என்றால், 45 டிகிரியில் நிற்கும் ஆவி தன் வெப்பத்தை அந்தக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் திரவமாகிவிடும். உள்ளே வாங்கியதை வெளியே விடும் இடம் இதுதான். பிறகு மிகச் சிறிய துளையுள்ள கேப்பிலரிக் குழாய் வழியாக அழுத்தம் இறங்கி, திரவம் மறுபடி உள்ளே போகிறது.

கண்டன்சரைச் சுற்றி 35 டிகிரிக் காற்று வந்துபோகிறவரை ஆறு மடங்கு அழுத்தம் போதும். அங்கே 45 டிகிரிக் காற்று தேங்கி நின்றால் 45 டிகிரி ஆவியால் வெப்பத்தை விடவே முடியாது. 55 டிகிரிக்கு ஏறியாக வேண்டும், அதற்கு அழுத்தம் ஏழரை மடங்கைத் தாண்டும். கம்ப்ரசர் எவ்வளவு முக்க வேண்டும் என்பதைத் தெர்மோஸ்டாட் குமிழ் முடிவுசெய்வதில்லை; பெட்டிக்கு வெளியே இருக்கும் காற்றுதான் முடிவுசெய்கிறது. இந்த ஒன்றைத்தான் சமையலறை வரைபவர்களும் தச்சர்களும் அறிந்திருக்க வேண்டுமென்று விரும்புகிறேன்.

சரி, கண்டன்சர் எங்கே இருக்கிறது? பழைய ஃப்ரிட்ஜ்களில் அது கண்ணுக்குத் தெரியும். முதுகில் கறுப்பு நிறத்தில், வளைந்து வளைந்து போகும் குழாயும் அதன்மேல் குறுக்கே பற்றவைத்த கம்பிகளுமாக நிற்கும். பார்த்தவுடனே இதில் சூடு வருகிறது என்று தெரிந்ததால், அதைச் சுவரில் முட்டவிடாமல் தள்ளி வைத்தார்கள். ஈரத்துணியைப் பின்னால் காயப்போட்டவர்களும் உண்டு. கண்டன்சருக்கு அது நல்லதில்லை என்றாலும், சூடு எங்கே வருகிறது என்ற அறிவாவது அதில் இருந்தது. புதிய மாடல்களில் முதுகு வழவழப்பான தகடாகிவிட்டது. குழாய்கள் இரண்டு பக்கத் தகடுகளின் உட்புறத்தில், சில மாடல்களில் பின் தகட்டின் உட்புறத்திலும், ஒட்டிச் செல்கின்றன. பெட்டியின் வெளித்தோலே கண்டன்சர். வேறு சில பெரிய மாடல்களில் அடியில் சுருட்டிவைத்து, சிறு விசிறியால் காற்றை இழுத்து விடுகிறார்கள்.

பக்கத் தகடு சுடுகிறது என்று பயந்து புகார் செய்பவர்களுக்கு இதுவே விடை. சுடத்தான் வேண்டும். கதவின் விளிம்பை ஒட்டிய சட்டமும் லேசாகச் சூடாக இருக்கும். ரப்பர் படியும் அந்த இடத்தில் வியர்வைபோல ஈரம் கோக்காமல் இருக்கச் சூடான குழாயின் ஒரு சுற்றை அங்கே வேண்டுமென்றே ஓடவிடுகிறார்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இது இல்லாவிட்டால் கதவோரம் எப்போதும் நனைந்திருக்கும். பக்கத் தகடு மிதமாகச் சுடுவது வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். கை வைக்க முடியாத அளவுக்குக் கொதித்தால் அந்தச் சூட்டுக்குப் போக்கிடம் இல்லை என்று பொருள்.

நம் வீடுகளில் பரவலாக இருக்கும் ஒரு பழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஃப்ரிட்ஜுக்கு மேல்விரிப்பு போடுகிறார்கள். அதன் இரு ஓரங்களும் பக்கத் தகட்டின்மேல் ஓர் அடி, ஒன்றரை அடிக்குத் தொங்கும். பை வைத்துத் தைத்த அந்தத் தொங்கலில் மின்கட்டண அட்டை, மருந்துச் சீட்டு, பேனா, ரப்பர் பேண்டு எல்லாம் இருக்கும். முதுகில் கம்பிச் சுருள் இருந்த காலத்தில் இதனால் கெடுதல் இல்லை. வெளித்தோலே கண்டன்சராக இருக்கும் பெட்டியில் அது சூடு வெளியேறும் பரப்பின்மேல் போட்ட போர்வை. மேலே மட்டும் விரித்தால் போதும். பைகளைக் கதவுப் பக்கம் தொங்கவிட்டுக்கொள்ளலாம்.

எவ்வளவு இடம் விட வேண்டும் என்ற கேள்விக்கு, ஒவ்வொரு மாடலின் கையேட்டிலும் ஓர் அளவு இருக்கும். அதுதான் முதல் விதி. கையேடு தொலைந்துபோன வீடுகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு பின்னால் 10 சென்டிமீட்டர், பக்கத்துக்கு 5 சென்டிமீட்டர், மேலே 10 முதல் 30 சென்டிமீட்டர். இந்த எண்கள் ஏதோ ஜாக்கிரதைக்காகப் போட்டவை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பள்ளிக்கூட இயற்பியலைக் கொண்டே இவற்றைச் சரிபார்த்துவிடலாம்.

கம்ப்ரசர் ஓடும்போது 100 வாட் மின்சாரம் எடுத்து, உள்ளிருந்து 150 வாட் வெப்பத்தை எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 250 வாட் வெளியே வர வேண்டும், ஏனென்றால் கம்ப்ரசர் எடுத்த மின்சாரமும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1,200 ஜூல் வேண்டும். காற்று 10 டிகிரி மட்டும் சூடேறி இந்த 250 வாட்டையும் கொண்டுபோக வேண்டுமானால், விநாடிக்கு 20 லிட்டருக்குச் சற்றே அதிகமான காற்று கண்டன்சரை உரசிப் போக வேண்டும். பின்னால் கம்பிச் சுருள் உள்ள, 60 சென்டிமீட்டர் அகலப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். சுவருக்கும் அதற்கும் நடுவே 2 சென்டிமீட்டர் சந்துதான் இருக்கிறது. அந்தச் சந்தில் 20 லிட்டர் போக வேண்டுமானால் காற்று விநாடிக்கு 1.7 மீட்டர் வேகத்தில் ஏற வேண்டும். அங்கே விசிறி கிடையாது. சூடான காற்று லேசாகி மேலே எழுவது ஒன்றே உந்துவிசை. ஒன்றரை மீட்டர் உயரப் பெட்டியில், அந்த அளவுச் சூட்டில், உராய்வே இல்லையென்று வைத்துக்கொண்டாலும் விநாடிக்கு 0.7 மீட்டருக்குமேல் வேகம் கிடைக்காது. 2 சென்டிமீட்டர்ச் சந்தில் உராய்வு மிக அதிகம். ஆகவே காற்று தேங்கும், மேலும் மேலும் சூடேறும். சந்தை 10 சென்டிமீட்டராக்கிப் பாருங்கள்: விநாடிக்கு 0.35 மீட்டர் போதும். சூடான காற்று தன் போக்கில் எழும்பினாலே அந்த வேகம் வந்துவிடும். வெப்பத்தில் ஒரு பகுதி கதிர்வீச்சாகவும் போகும் என்பதால் நிஜ நிலைமை இதைவிடக் கொஞ்சம் தேவலை. ஆனால் எதிரே ஒட்டி நிற்கும் பலகை அந்தக் கதிர்வீச்சையும் வாங்கிச் சூடேறி நிற்கும்.

அகலம் மட்டும் இருந்தால் போதாது. கீழே காற்று நுழையவும் மேலே வெளியேறவும் வழி வேண்டும். மாடத்தின் தலைப்பலகை இதைத்தான் கெடுக்கிறது. எழும்பிய சூடான காற்று பலகையில் முட்டி, பக்கவாட்டில் இறங்கி, மறுபடி கண்டன்சர் பக்கமே திரும்புகிறது. கண்டன்சருக்கு வரும் காற்றே சூடாக இருப்பதால் அழுத்தம் கூடுகிறது, கம்ப்ரசர் அதிக மின்சாரம் எடுக்கிறது, அந்த மின்சாரமும் வெப்பமாகி அதே மாடத்தில் சேர்கிறது. இப்படி ஒன்றை ஒன்று வளர்த்துக்கொண்டே போகும்.

உள்ளே கசியும் வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெட்டியின் சுவருக்குள் இருக்கும் நுரை வெப்பத்தை முழுவதும் தடுப்பதில்லை. வெளிவெப்பத்துக்கும் உள்வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஏற்பக் கசிவு இருக்கும். உள்ளே 4 டிகிரி, வெளியே 32 டிகிரி என்றால் வித்தியாசம் 28. மாடத்துக் காற்று 40 டிகிரியானால் 36. கசிவு கால்பங்குக்கு மேல் கூடிவிட்டது. ஃப்ரீசர் பகுதியில் கூடுவது ஆறில் ஒரு பங்கு. கூடுதல் சுமையைத் தூக்கும் கம்ப்ரசரோ கண்டன்சர் எட்டு டிகிரி கூடியதால் திறனில் பத்தில் ஒரு பங்கை இழந்திருக்கிறது. இரண்டும் பெருகி, பெட்டியைச் சுற்றிலும் அந்தச் சூடு இருந்தால் மின்செலவு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூடும். கதவுப் பக்கம் அறையைப் பார்த்து இருப்பதால் நடப்பில் கொஞ்சம் குறையலாம். கடையில் ஒட்டியிருந்த நட்சத்திரச் சீட்டின் யூனிட் கணக்கு, வரையறுத்த வெப்பநிலையில், வரையறுத்த இடைவெளி விட்டு ஆய்வகத்தில் அளந்தது. ஐந்து நட்சத்திரப் பெட்டியை வாங்கி மாடத்துக்குள் அடைத்தால் அந்த நட்சத்திரங்களுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி வீண்.

இந்த விஷயத்தை முன்பு யாரும் மறைக்கவில்லை. 1927இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘மானிட்டர் டாப்’ என்ற ஃப்ரிட்ஜில் கம்ப்ரசரும் அதைச் சுற்றிய கண்டன்சரும் பெட்டியின் உச்சியில், வட்ட வடிவில், வெளிப்படையாக உட்கார்ந்திருந்தன. உள்நாட்டுப் போர்க்காலத்து மானிட்டர் போர்க்கப்பலின் பீரங்கிக் கூண்டைப்போலத் தெரிந்ததால் அந்தப் பெயர். அழகு பற்றிக் குறை சொன்னாலும், வெப்பம் மேலே எழும் என்ற உண்மைக்கு அந்த வடிவம் கட்டுப்பட்டிருந்தது: சூடான பாகம் உச்சியில், அதற்குமேல் திறந்த வெளி, குளிர்ந்த அறை அதற்குக் கீழே. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. பிறகு வடிவமைப்பாளர்கள் வந்தார்கள். 1935இல் சியர்ஸ் நிறுவனத்துக்காக ரேமண்ட் லோவி வடிவமைத்த கோல்ட்ஸ்பாட், ஃப்ரிட்ஜை வழவழப்பான வெள்ளைப் பெட்டியாக்கிப் பெரும் பெயர் பெற்றது. அந்தக் காலத்திலிருந்து இயந்திரம் கீழேயும் பின்னேயும் ஒளிந்துகொண்டது. வாங்குபவர் கண்ணுக்கு அது அலமாரியாகிவிட்டது.

அதற்கு முந்திய கால ஐஸ் பெட்டி உண்மையிலேயே அலமாரிதான். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க ஃபிரெடரிக் டியூடர் 1842இல் கட்டியது. பனிக்கட்டிக்கு வேண்டியதெல்லாம் வெளிக்காற்று படாமல் அடைத்துவைப்பது. எவ்வளவு இறுக்கி மூடுகிறோமோ அவ்வளவு நாள் உருகாமல் இருக்கும். ஃப்ரிட்ஜையும் அப்படியே அடைத்து வைத்தால் நல்லது என்று தோன்றுவது அந்தப் பழைய அறிவின் தொடர்ச்சி. வெப்பத்தை இடைவிடாமல் வெளியேற்றும் இயந்திரத்துக்கு அது பொருந்தாது.

எந்த வெப்பம்வரை ஃப்ரிட்ஜ் தாங்கும் என்பதையும் அதன் தாளிலேயே எழுதியிருக்கிறார்கள். தட்பவெப்ப வகுப்பு என்று ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். ‘என்’ என்றால் 16 முதல் 32 டிகிரிவரை; ‘எஸ்டி’ என்றால் 38வரை; ‘டி’ என்றால் 43வரை. நம் ஊருக்கு ‘டி’ வகுப்புதான் சரி. அதற்கும் எல்லை 43 என்பதை நினைவில் வையுங்கள். சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. வேலூரிலும் திருத்தணியிலும் 40ஐத் தாண்டுவது ஒவ்வொரு கோடையிலும் நடப்பது. அடுப்பு எரியும் சமையலறையில் அதைவிடச் சில டிகிரி கூடுதல். அடைத்த மாடத்தில் இன்னும் சில. ஃப்ரிட்ஜ் அறியும் வெப்பநிலை வானிலை அறிக்கையில் வருவது இல்லை. அதன் முதுகைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றின் வெப்பநிலைதான். எல்லை தாண்டும்போது கம்ப்ரசர் சூடேறி, அதன் பாதுகாப்பு அமைப்பு மின்சாரத்தைத் துண்டிக்கும். ‘டக்’ என்று ஒரு சத்தம், சில நிமிட அமைதி, மறுபடி உறுமல், மறுபடி ‘டக்’. இதைக் கேட்ட வீடுகளில் அடுத்து வாங்கப்படுவது புது ஸ்டெபிலைசர். மின்னழுத்தக் குறைவும் இதே சத்தத்தைத் தரும் என்பது உண்மை. ஆனால் பணம் செலவழிக்கும் முன் பெட்டியை ஒரு சாண் முன்னால் இழுத்துப் பார்ப்பதற்கு ஒன்றும் ஆகாது.

அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், மேற்கு ஜன்னல் வெயில் படும் இடத்தில் வேண்டாம் என்பது எல்லோரும் சொல்வது; காரணமும் மேலே சொன்னதுதான். இதைவிடச் சுவாரசியமான விஷயம், ஃப்ரிட்ஜை ஹாலில் வைக்கும் நம் பழைய வழக்கம். அந்தஸ்துக்காக வைத்தார்கள் என்று இன்று பேசுகிறார்கள். நோக்கம் எதுவாக இருந்தாலும் அந்த இடம் இயற்பியல்படி மிகச் சரியானது: உயரமான கூரை, ஓடும் மின்விசிறி, மூன்று பக்கமும் வெளி, அடுப்பின் சூடு இல்லை, கண்டன்சரில் படிய எண்ணெய்ப்பிசுக்கு இல்லை. சமையலறை சிறியதாக இருக்கும் வீட்டில் இன்றைக்கும் ஹாலையோ சாப்பாட்டு அறையையோ தேர்ந்தெடுக்கத் தயங்க வேண்டியதில்லை. அடியில் சக்கரம் வைத்த ஸ்டாண்டும் நல்ல பழக்கமே. கீழே காற்று நுழைய வழி கிடைக்கிறது, பெருக்கித் துடைக்கவும் எளிது. ஸ்டாண்டு ஆடாமல், பெட்டி லேசாகப் பின்னால் சாய்ந்து நின்றால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்.

மாடம் வேண்டியே தீருமென்றால் அதற்கென்று செய்த உள்ளமைப்பு ஃப்ரிட்ஜ்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் அடிப்பலகையில் 200 சதுர சென்டிமீட்டர் திறப்பும், மேலே அதே அளவு திறப்பும், இரண்டையும் இணைக்கும் காலி வழியும் கேட்பார்கள். சாதாரணப் பெட்டியை மாடத்தில் வைத்துவிட்டவர்கள் தலைப்பலகையைக் கழற்றுவதிலிருந்து தொடங்கலாம். அது முடியாவிட்டால் அதன் பின்விளிம்பில் பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டி எடுத்து, சூடு மேலே போக வழிசெய்யச் சொல்லுங்கள். தச்சருக்கு அரைநாள் வேலை.

காற்றுக்கு இடம்விடச் சொல்வதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. ஐசோபியூட்டேன் எரியக்கூடியது, சமையல் எரிவாயுவின் நெருங்கிய உறவு. வீட்டு ஃப்ரிட்ஜில் இருப்பது 50, 60 கிராம் போலத்தான், மூடிய குழாய்க்குள். ஆகவே அச்சப்பட ஏதுமில்லை. ஆனாலும் கசிந்தால் என்ன என்று யோசித்து, 8 கிராமுக்கு ஒரு கன மீட்டர் அறை இருக்க வேண்டும் என்று கையேடுகள் சொல்கின்றன. 50 கிராமுக்கு ஆறு கன மீட்டருக்கு மேல் வேண்டும். சின்னச் சமையலறையில்கூட அதைவிட இரண்டு மடங்கு காற்று இருக்கும். மாடிப்படிக்கு அடியில் கதவு போட்டு அடைத்த பொந்தில் இரண்டு கன மீட்டர் இருந்தாலே அதிகம். காற்றைப்போல இரண்டு மடங்கு கனமான இந்த வாயு தரையோடு தங்கும். படிக்கட்டின் அடி ஃப்ரிட்ஜுக்கு உரிய இடமே இல்லை, சூட்டைக் கருதினாலும் சரி, பாதுகாப்பைக் கருதினாலும் சரி.

பின்னால் கை நுழைய இடமிருந்தால் கிடைக்கும் இன்னொரு பயன் கொசு பற்றியது. தானாகப் பனி உருகும் ஃப்ரிட்ஜ்களில் அந்தத் தண்ணீர் ஒரு குழாய் வழியாக இறங்கி, கம்ப்ரசரின்மேல் உள்ள தட்டில் சேர்ந்து, அதன் சூட்டில் ஆவியாகும். காற்றோட்டம் இல்லாத மூலையில், ஈரமான மழைக்காலத்தில், தட்டுத் தண்ணீர் வற்றுவதில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட விரும்புவது இப்படி வீட்டுக்குள் தேங்கிய நல்ல தண்ணீரில்தான். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வீடுவீடாக வரும் டெங்கு தடுப்புப் பணியாளர்கள் ஃப்ரிட்ஜின் பின்புறத்தைக் காட்டச் சொல்வது இதற்காகத்தான். வாரம் ஒருமுறை தட்டைத் துடைத்துக் காயவிடுங்கள். பெட்டி சுவரோடு இறுகி நின்றால் அந்த வேலை நடக்காது.

உள்ளேயும் காற்று ஓட வேண்டும். பனி உறையாத மாடல்களில் குளிர்ச்சுருள் ஃப்ரீசருக்குப் பின்னால் மறைந்திருக்கிறது; சிறு விசிறி குளிர்ந்த காற்றைப் பின்சுவர்த் துளைகள் வழியாகக் கீழ்ப்பகுதிக்கு அனுப்புகிறது. மாவுப் பாத்திரத்தை அந்தத் துளையில் முட்டி வைத்தால் பாத்திரத்தின் பின்பக்கம் உறையும், கதவருகே பால் திரியும். பனி உறையும் சாதாரண மாடல்களில் விசிறி கிடையாது. குளிர்ந்த காற்று கனமாகி இறங்குவதை நம்பியே எல்லாம். கம்பித் தட்டுகளின்மேல் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பை ஓரம்வரை விரித்துவிட்டால் காற்று இறங்க வழியில்லை. கண்ணாடித் தட்டுகளில் முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை விட்டுவைத்தால் போதும். சூடான குழம்பு வைப்பதிலும் கணக்கு இருக்கிறது: 60 டிகிரியில் இருக்கும் இரண்டு லிட்டர்ச் சாம்பாரை 5 டிகிரிக்கு இறக்க, 150 வாட் எடுக்கும் பெட்டி வேறு எதையும் குளிர்விக்காமல் 50 நிமிடம் ஓட வேண்டும். அகலப் பாத்திரத்தில் ஊற்றி விசிறிக்கடியில் 35 டிகிரிக்கு ஆறவிட்டால் அந்த உழைப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவு மிச்சம். இரண்டு மணி நேரத்துக்குமேல் மட்டும் வெளியே விடாதீர்கள்.

மலை ஊர்களில் சிக்கல் நேர்மாறாக வரும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மார்கழி இரவில் வீட்டுக்குள் 16 டிகிரிக்குக் கீழே இறங்குவது சாதாரணம். பல மாடல்களில் ஒரே தெர்மோஸ்டாட்தான். அது கீழ்ப்பகுதியின் வெப்பத்தைப் பார்த்துக் கம்ப்ரசரை ஓட்டுகிறது. அறையே குளிர்ந்துவிட்டால் கீழ்ப்பகுதி வெகுநேரம் சூடேறாது, கம்ப்ரசர் ஓடாது, ஃப்ரீசரில் உள்ளது இளகிவிடும். அங்கே வாங்குபவர்கள் 10 டிகிரிவரை தாங்கும் ‘எஸ்என்’ வகுப்பு அதன் தாளில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் ஃப்ரிட்ஜ் எப்படி இருக்கிறது என்று அறியக் குமிழின் எண்ணைப் பார்த்துப் பயனில்லை. அதிலுள்ள 1 முதல் 7வரை டிகிரி எதையும் குறிப்பதில்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு நடுத்தட்டில் வையுங்கள். இரவு முழுவதும் இருக்கட்டும். காலையில் கதவைத் திறந்ததும் படியுங்கள். உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகாமலிருக்க 5 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைத் தாண்டியிருந்தால் குமிழைத் திருகும் முன் பெட்டியை முன்னால் இழுங்கள், தொங்கும் விரிப்பை எடுங்கள், கண்டன்சர் கம்பியிலோ அடிப்பகுதியிலோ படிந்த தூசியை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மென்மையான தூரிகையால் தட்டுங்கள், கதவு ரப்பரில் ஒரு தாளைச் செருகிச் சாத்தி இழுத்து அது இறுக்கமாகப் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஒரு நாள் முழுவதும் விட்டு மீண்டும் அளவெடுங்கள்.

அப்போதும் 5 டிகிரிக்கு வரவில்லை என்றால் மெக்கானிக்கை அழைக்கும் வேளை வந்துவிட்டது. கேஸ் ஓடி ஓடித் தீர்ந்துபோவதில்லை. சுற்று மூடியிருக்கும்வரை ஆலையில் அடைத்த அதே ஐம்பது கிராம் இருபது வருடமும் இருக்கும். குறைந்திருக்கிறது என்று அவர் சொன்னால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். முதலில் அதைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள். ஏற்றும்போது தாளில் குறிப்பிட்ட கிராம் அளவுக்குத் தராசில் எடைபார்த்துத்தான் ஏற்ற வேண்டும், பத்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர்ச்சி கெடும்.